பலன் காணாத மலைக்கிராம ஊழியத்தில் தொடர்ந்து நிற்பது விசுவாசமா, பிடிவாதமா?

கேள்வி: அஞ்செட்டிப் பகுதி ஊழியர்

கர்த்தருக்குள் அன்பான அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

நானும் என் மனைவியும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டிக்கு அப்பால், காட்டை ஒட்டியுள்ள சில குடியிருப்புகளில் ஊழியம் செய்து வருகிறோம். எங்கள் சொந்த ஊர் தென்மாவட்டத்தில் இருக்கிறது. எங்களை அனுப்பித் தாங்குவதும் அங்குள்ள ஒரு சபைதான். இங்குள்ளவர்களில் பலர் வீட்டில் கன்னடம் பேசுவதால், தொடக்க காலம் முழுவதும் அவர்களுடைய பேச்சைக் கற்றுக்கொள்வதிலேயே கழிந்தது. இப்போது பிள்ளைகளுக்கு மாலைநேர வகுப்பு நடத்துகிறோம். நோயாளிகளைத் தேன்கனிக்கோட்டை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறோம். முதியோர் உதவித்தொகைக்கும் சாதிச் சான்றிதழுக்கும் மனு எழுதிக் கொடுக்கிறோம். கேட்க விரும்புகிறவர்களிடம் இயேசுவைப் பற்றிப் பேசுகிறோம்.

கேட்கிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் கேழ்வரகு அறுவடை முடிந்து மூட்டை கட்டியதும், உழைக்கும் வயதில் இருக்கிற எல்லாரும் பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஒரு குடும்பம் ஆவலோடு வேதத்தைக் கேட்கத் தொடங்கியிருக்கும். அடுத்த முறை போகும்போது கதவில் பூட்டுத் தொங்கும், பக்கத்துத் திண்ணையில் வயதான பாட்டி ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். ஊர்த் திருவிழாவுக்கு அவர்கள் திரும்பி வரும்போது பழைய ஆவல் ஆறிப்போயிருக்கும். ஞாயிறு ஆராதனைக்கு எங்கள் வீட்டு முன்னறையில் சிலர் கூடுவதுண்டு. எங்கள் குடும்பம் மட்டுமே உட்கார்ந்து பாடி ஜெபித்து முடிக்கிற ஞாயிறுகளும் உண்டு. யானை நடமாட்டம் இருப்பதால் இருட்டிய பிறகு எங்கும் போய்வர முடியாது. அந்த நேரத்தில்தான் மனம் மிகவும் சோர்கிறது.

எங்களைத் தாங்கும் சபைக்கு மாதந்தோறும் ஒரு படிவம் அனுப்ப வேண்டும். சந்தித்த வீடுகள், கொடுத்த கைப்பிரதிகள், ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்று அதில் கட்டங்கள் இருக்கின்றன. கடைசிக் கட்டத்தில் எழுதுவதற்கு எங்களிடம் பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. என் மனைவிக்கு அடிக்கடி தலைசுற்றல் வருகிறது. இன்னும் முறையாகப் பரிசோதித்துப் பார்க்கவில்லை. மகள் வருகிற ஆண்டு ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டும்.

கன்வென்ஷன் கூட்டம் ஒன்றில், கனி இல்லாத இடத்தில் அழைப்பும் இல்லை என்று ஒருவர் பேசினார். அதே கூட்டத்தில் இன்னொருவர், பாதியில் திரும்புகிறவன் இந்தப் பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்துப் பவுலைவிட்டுப் பிரிந்துபோன தேமாவைப் போன்றவன் என்றார். இரண்டையும் கேட்டு வந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தேவன்மேல் நம்பிக்கை வைத்து நிற்கிறேன் என்று நான் சொல்வது உண்மையான நம்பிக்கைதானா, அல்லது ஊருக்குத் திரும்பினால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயமா? இதை எப்படிச் சோதித்து அறிவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற போதகர், தருமபுரி

அன்பான தம்பிக்கு ஸ்தோத்திரம்.

முதலில் அந்த இரண்டு பிரசங்கங்களையும் ஒரு பக்கம் ஒதுக்கி வையுங்கள். ஒரே பவுல் கொரிந்துவில் ஒன்றரை ஆண்டு தங்கினார். தெசலோனிக்கேயிலிருந்து சில வாரங்களுக்குள் இராத்திரியோடு இராத்திரியாக அனுப்பிவைக்கப்பட்டார். கொரிந்துவில், பயப்படாமல் பேசு, இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு என்று கர்த்தர் தரிசனத்தில் சொன்னதால் தங்கினார். தெசலோனிக்கேயில் சகோதரர்களுடைய யோசனைக்கு இணங்கிப் புறப்பட்டார். தங்கியதும் புறப்பட்டதும் இரண்டுமே நம்பிக்கையால் நடந்தவைதான். ஆகவே ‘இருப்பதா, போவதா’ என்பதை வைத்து விசுவாசத்தை அளக்க முடியாது. எசேக்கியேலை அனுப்பும்போதும், அவர்கள் கேட்டாலும் சரி, கேளாவிட்டாலும் சரி, நீ சொல் என்றுதான் கர்த்தர் சொன்னார். உக்கிராணக்காரனிடம், அதாவது எஜமானின் பொருளைப் பொறுப்பேற்றுக் காப்பவனிடம், தேடப்படுவது உண்மை என்று பவுல் எழுதுகிறார். உங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை என்பதற்காக, தேவனிடமும் அது இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

நம் மாவட்டத்து மலையோடு தொடர்புள்ள ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஜெசி பிராண்ட் என்ற ஆங்கிலேயரும் அவருடைய மனைவி எவ்லினும் 1913-இல் திருமணம் முடித்துக் கொல்லிமலையில் குடியேறினார்கள். கொல்லிமலையோடு நிற்காமல், நம் அரூர்ப் பக்கத்துச் சித்தேரி உட்படச் சுற்றியுள்ள மலைத்தொடர்கள் எல்லாவற்றுக்கும் நற்செய்தி போய்ச் சேர வேண்டும் என்பது அவர்களுடைய பாரம். கொல்லிமலையில் பல ஆண்டுகள் ஒருவரும் விசுவாசிக்க முன்வரவில்லை. ஊர்ப் பூசாரியின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. பிறகு விஷக்காய்ச்சல் பரவிய காலத்தில் அந்தப் பூசாரியே படுக்கையில் விழுந்தார். மற்றவர்கள் விலகி நின்றபோது பக்கத்தில் போய்ப் பணிவிடை செய்தவர்கள் இந்தத் தம்பதியர்தான். சாகும் நேரத்தில் அவர் தம்முடைய பிள்ளைகளை இவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

ஜெசி பிராண்ட் மலையில் தினமும் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் மலைமக்களை வாட்டியது நரம்புச்சிலந்தி. குடிநீரின் வழியாக உடலுக்குள் போகும் புழு, மூன்றடி நீளம்கூட வளர்ந்து, காலில் கொப்புளமாகி வெளியே தலைநீட்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோய் உள்ளேயே தங்கிச் சீழ் வைத்துவிடும். ஆகவே ஒரு சிறு குச்சியில் அதன் முனையைச் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாகச் சுருட்டிச் சுருட்டி எடுக்க வேண்டும். ஒரு புழுவை முழுவதும் எடுத்து முடிக்கப் பல நாட்கள் ஆகும். மருத்துவப் பயிற்சி சிறிதளவே பெற்றிருந்த அவர் அதைச் செய்தார். தண்ணீரை வடிகட்டிக் குடிக்கவும் மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார். இந்தியாவில் அந்த நோயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000-இல்தான். ஜெசி பிராண்டோ 1929-லேயே மலேரியாவினால் வரும் கருநீர்க் காய்ச்சலில் இறந்துவிட்டார். சுற்றியுள்ள மலைகளைப் பற்றிய பாரம் அவருடைய ஆயுளுக்குள் நிறைவேறவில்லை.

எவ்லின் அம்மையார் அதை விடவில்லை. அறுபது வயதைக் கடந்து அவர் மலைக்குத் திரும்ப விரும்பியபோது, வயதைக் காரணம் காட்டி மிஷன் மறுத்தது. ஒரே ஓர் ஆண்டு மட்டும் அனுமதியுங்கள் என்று கேட்டு வந்தவர், ஆண்டு முடிந்ததும் மிஷனிலிருந்து ஓய்வு பெற்றுக்கொண்டு தாமே மலையேறிவிட்டார். மட்டக்குதிரையின்மேல் ஊர் ஊராகப் போனார். விழுந்து எலும்பு முறிந்ததும், இரண்டு கோல்களை ஊன்றி நடந்ததும் உண்டு. 1974-இல், தொண்ணூற்றைந்து வயதில் இறக்கும்வரை இந்த மக்களை விட்டு அவர் பிரியவில்லை. வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து பேர்பெற்ற பால் பிராண்ட், 1914-இல் பிறந்த இவர்களுடைய மகன்தான்.

இதைச் சொல்வது உங்களை வெட்கப்படுத்துவதற்காக அல்ல. இந்த அம்மையாரின் வாழ்க்கையில் நான் காண்பது ஒன்று. பிறருடைய பேச்சுக்குப் பயந்திருந்தால் அவர் இங்கிலாந்தில்தான் இருந்திருக்க வேண்டும். போகாதே என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். உங்களுக்கோ, திரும்பினால் என்ன சொல்வார்களோ என்ற பயம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இப்படிச் சோதித்துப் பாருங்கள்: திரும்பிப் போனால் ஒருவரும் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டார்கள், வேலையும் வீடும் ஆயத்தமாக இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், அந்தத் திண்ணைப் பாட்டியையும் மாலை வகுப்புப் பிள்ளைகளையும் விட்டுப் போக உங்களுக்கு மனம் வருமா? இதற்குத் தேவசமுகத்தில் நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

பதில் 2: ஒரு மிஷனெரியின் மனைவி, கிருஷ்ணகிரி

ஐயா சொன்னவை எல்லாம் சத்தியமானவை. ஆனாலும் தம்பி எழுதியதில் ஒரு வரி என் மனதில் குத்தி நிற்கிறது: மனைவிக்கு அடிக்கடி தலைசுற்றல், இன்னும் பரிசோதிக்கவில்லை. தம்பி, உங்கள் கேள்விக்கான பதிலுக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரத்தச் சோகையோ, தைராய்டோ, வேறு எதுவோ, அதைத் தெரிந்துகொள்வதில் என்ன அவிசுவாசம் இருக்கிறது? ஊராருடைய பிள்ளைகளைத் தேன்கனிக்கோட்டைக்கு அழைத்துப் போகிற கால்கள் சொந்த மனைவிக்காகவும் நடக்க வேண்டும்.

நம்முடைய சபைகளில் வில்லியம் கேரியின் பொறுமையைப் பற்றிப் பேசாத மிஷனெரி ஞாயிறு இல்லை. 1793-இல் வங்காளத்துக்கு வந்தவர், முதல் வங்காள விசுவாசியாகிய கிருஷ்ண பாலுக்கு 1800 டிசம்பரில்தான் ஞானஸ்நானம் கொடுத்தார் என்று சொல்லிக் கைதட்டுகிறோம். அவருடைய மனைவி டாரத்தியின் பெயரை எத்தனை பிரசங்கங்களில் கேட்டிருக்கிறீர்கள்? அந்த அம்மாவுக்கு இந்தியாவுக்கு வரவே மனமில்லை; கைக்குழந்தையோடு இருந்தவர், கடைசி நேரத்தில் தங்கை துணைக்கு வருகிறாள் என்ற பிறகுதான் கப்பலேறச் சம்மதித்தார். வந்த மறு ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் சீதபேதியில் இறந்துபோனான். அதன் பிறகு அவருடைய மனநிலை சிதைந்தது. 1807-இல் இறக்கும்வரை அது தெளியவே இல்லை. கணவர் ஓர் அறையில் வேதத்தை மொழிபெயர்க்க, அடுத்த அறையில் மனைவி அலறிக்கொண்டிருந்த வீடு அது.

கேரியைக் குற்றப்படுத்துவது என் நோக்கமல்ல. அந்தக் காலத்தில் மனநோய்க்கு மருத்துவமும் இல்லை, அறிவுரை சொல்ல ஆளும் இல்லை. அவர் மனைவியைக் கைவிடாமல் வைத்துக் காப்பாற்றினார். நமக்கோ பேருந்து ஏறினால் சில மணி நேரத்தில் வேலூர், பெங்களூரு. அந்த அம்மாவுக்குக் கிடைக்காத உதவி கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது, அதைத் தேடாமல் இருப்பதற்கு விடாமுயற்சி என்று பெயர் வைக்கக் கூடாது.

எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னபோது, தூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் வைத்துத் தட்டி எழுப்பினான். அவர் சாப்பிட்டு மறுபடியும் தூங்கினார். மறுபடியும் சாப்பாடு கொடுத்தான். நீ போகவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்பதுதான் அவன் சொன்ன காரணம். அவர் மேற்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகு ஓரேபில் நடந்தது. நீங்கள் இருவரும் இப்போது சூரைச்செடியின் கீழே இருக்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்த நிலையில் வாழ்நாள் முழுவதற்குமான முடிவை எடுக்காதீர்கள்.

மகளைப் பற்றி ஒரு சொல். விடுதியில் சேர்ப்பதா, நீங்களே தேன்கனிக்கோட்டைக்கோ ஓசூருக்கோ குடிபெயர்ந்து அங்கிருந்து மலைக்குப் போய்வருவதா என்பதை அவளிடமும் கேட்டுத் தீர்மானியுங்கள். எங்கள் பிள்ளைகளிடம் நாங்கள் கேட்டோம். மூத்தவன் விடுதிக்குப் போக விரும்பினான், இளையவள் மறுத்தாள், ஆகவே அவளுக்காகச் சில ஆண்டுகள் நாங்கள் ஊழிய இடத்தை விட்டுச் சற்றுத் தள்ளிக் குடியிருந்தோம். அதனால் ஊழியம் நின்றுபோகவில்லை. உங்கள் மனைவி விரும்பினால் என்னோடு தனியாகப் பேசட்டும். கணவர் முன்னால் சொல்ல முடியாத சோர்வுகள் நமக்கு உண்டு.

பதில் 3: ஒரு சபையின் மிஷனெரிக் குழு உறுப்பினர், ஓசூர்

நான் அனுப்புகிறவர்களின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இந்தப் பேச்சில் எங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதை ஊழியரின் தலையிலேயே முழுவதுமாகச் சுமத்துவது நீதியல்ல.

காணிக்கை கொடுக்கிறவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது சரியான கொள்கை. ஒரு விதவைத் தாய் கைப்பிடி அரிசியை எடுத்து வைத்துக் கொடுக்கிற பணம் எங்கே போகிறது என்று கேட்கப்பட வேண்டும். ஆனால் பணத்துக்குக் கணக்குக் கேட்பது வேறு, ஆத்துமாக்களுக்குக் கணக்குக் கேட்பது வேறு. பணம் ஊழியருடைய கையில் இருக்கிறது. மனிதருடைய இருதயம் அவருடைய கையில் இல்லை. பவுல் நட்டாலும், அவருடைய உடன் ஊழியர் அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினாலும், விளையச்செய்கிறவர் தேவனே என்று வேதத்தில் வாசித்துவிட்டு, மாதக் கடைசியில் விளைச்சலை அப்பொல்லோவிடம் கேட்பது எந்த விதத்தில் பொருந்தும்? ஞானஸ்நானக் கட்டம் இருக்கிற படிவத்தில் இன்னும் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. வெறுமையைக் கண்டு பயப்படுகிற ஊழியர், ஆயத்தமில்லாதவர்களை அவசரப்படுத்தவும், உதவி பெற்றவர்களை மறைமுகமாக நெருக்கவும் அது தூண்டுதலாகிவிடும். சுயமாக, விரும்பி, புரிந்துகொண்டு வராத ஒருவரைக் கணக்கில் சேர்ப்பது அந்த மனிதருக்கும் அநியாயம், சுவிசேஷத்துக்கும் அவமானம்.

கேரியை அனுப்பிய சங்கம் 1792-இல் கெட்டரிங் என்ற ஊரில் ஒரு வீட்டில் கூடியபோது, அங்கே வாக்களிக்கப்பட்ட தொகை 13 பவுண்டு, 2 ஷில்லிங், 6 பென்ஸ். அதன் செயலாளராக இருந்த ஆண்ட்ரூ புல்லர், 1815-இல் இறக்கும்வரை இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அலைந்து திரிந்து அவர்களுக்காகப் பணம் திரட்டினார். ஒருநாள்கூட இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. முதல் ஞானஸ்நானத்துக்கு முந்திய அந்த ஏழு ஆண்டுகளில் அனுப்பினவர்கள் கைவிடவில்லை என்பதும் அந்த வரலாற்றில் அடங்கியிருக்கிறது. பர்மாவுக்கு 1813-இல் போன அதோனிராம் ஜட்சன் 1819-இல்தான் முதல் விசுவாசிக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். போர்க் காலத்தில் அவர் சிறையில் கிடந்தபோதும் அனுப்பிய சபைகள் அவரை மறக்கவில்லை. விடாமுயற்சி என்று நாம் புகழ்வதில் பாதி, ஊரில் இருந்தவர்களுடையது.

வெளிநாட்டாரைத்தான் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை. 1903-இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கலுக்குத் தமிழர்களை அனுப்பியது. போனவர்கள் உங்களைப் போலவே வேறொரு மொழியைக் கற்றுக்கொண்டுதான் தொடங்க வேண்டியிருந்தது. அந்தச் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான வே. ச. அசரியா தாமும் அங்கே போய் உழைத்து, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

ஆகவே சகோதரரே, உங்கள் சபைக்கு இங்கே எழுதியதைப் போலவே ஒரு கடிதம் எழுதுங்கள். பூட்டுத் தொங்கும் வீடுகளையும், பெங்களூருவுக்குப் போகிறவர்களையும், மனைவியின் உடல்நிலையையும், மகளின் படிப்பையும் மறைக்காமல் எழுதுங்கள். குழுவில் இரண்டு பேராவது நேரில் வந்து உங்களோடு சில நாட்கள் தங்கும்படி கேளுங்கள். எங்கள் குழுவில் அப்படி ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: ஊழிய இடத்தில் ஓர் இரவாவது படுத்து எழுந்தவர்கள் மட்டுமே அந்த இடத்தைப் பற்றித் தீர்மானம் போடலாம்.

பதில் 4: சித்தேரி மலைக்காரன்

எல்லாருக்கும் வணக்கமும் ஸ்தோத்திரமும். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. ஆனால் நீங்கள் யாரைப் பற்றிப் பேசுகிறீர்களோ அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதால் எழுதத் துணிகிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊருக்கு ஓர் ஊழியர் நடந்து வருவார். சாலை கிடையாது. அரூரிலிருந்து பேருந்து வரும் இடத்தில் இறங்கி மலையேறி வர வேண்டும். சாயங்காலம் எங்களை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். முடிக்கும்போது ஒரு பாட்டும் ஒரு சிறு ஜெபமும் இருக்கும். எங்கள் வீட்டாருக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை, தடுக்கவும் இல்லை. என் அத்தைக்குப் பிரசவ வலி கண்டு குழந்தை குறுக்கே நின்றபோது, தூளி கட்டிக் கீழே தூக்கிக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர். முன்பக்கத்துக் கழியை அவர் தோளில் வைத்திருந்தார். இறக்கத்தில் பாரம் முழுவதும் முன்னால் இருப்பவர்மேல்தான் விழும். கீழே போய்ச் சேர்ந்தபோது அவர் சட்டைத் தோளில் இரத்தம் கசிந்திருந்தது. அத்தையும் பிள்ளையும் பிழைத்தார்கள். இதைச் சாக்காக வைத்து அவர் எங்களிடம் ஏதாவது கேட்பார் என்று பெரியவர்கள் எதிர்பார்த்தார்கள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் வழக்கம்போல் வகுப்பு நடத்தினார். எங்கள் ஊரில் அதன்பிறகுதான் அவருக்கு மோர் கொடுத்து உட்காரச் சொன்னார்கள்.

அவர் இருந்தவரை எங்கள் ஊரில் ஒருவரும் கிறிஸ்தவர் ஆகவில்லை. பிறகு அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நான் வளர்ந்து எல்லாரையும் போலப் பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்குப் போனேன். தகரக் கொட்டகையில் தங்கியிருந்தபோது, பக்கத்துத் தெருவில் ஞாயிற்றுக்கிழமை தமிழில் பாட்டுச் சத்தம் கேட்டது. அது நான் ஐந்து வயதில் பாடிய பாட்டு. வரிகள் மறக்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தேன். பல மாதங்கள் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தேன். அதன்பிறகு நானாக விரும்பி ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன். எங்கள் ஊர்க்காரர்கள் இன்னும் இரண்டு பேர் அதே சபையில் இருக்கிறார்கள். அந்த ஊழியருடைய கணக்குப் புத்தகத்தில் நாங்கள் மூவரும் இருக்கமாட்டோம். அவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

ஆகவே அண்ணே, உங்கள் இடத்திலிருந்து ஆட்கள் பெங்களூருவுக்குப் போய்விடுகிறார்கள் என்பதை நட்டமாக மட்டும் எண்ண வேண்டாம். போகிறவர்களிடம், எந்த இடத்தில் தங்கப்போகிறீர்கள் என்று கேட்டுக் கைப்பேசி எண்ணை வாங்கி வையுங்கள். அங்கே கன்னடத்திலும் தமிழிலும் ஆராதனை நடத்துகிற சபைகள் ஏராளம். ஒரு போதகரிடம் சொல்லிவைத்தால், விருப்பமுள்ளவர்களைப் போய்ப் பார்ப்பார். கூலி கொடுக்காமல் ஏமாற்றுகிற மேஸ்திரிகளிடம் மாட்டிக்கொண்டால் பேசுவதற்கும் ஓர் ஆள் இருக்கும். நீங்களும் வேலை நடக்கிற மாதங்களில் ஒருமுறை அங்கே போய் அவர்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஊர் விட்டு ஊர் போய்த் தகரத்துக்கு அடியில் படுத்திருக்கிறவனுக்கு, தன் ஊரிலிருந்து ஒருவர் தேடி வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

கேட்டவரின் மறுமொழி: அஞ்செட்டிப் பகுதி ஊழியர்

பதில் எழுதிய எல்லாருக்கும் எங்கள் இருவருடைய நன்றி. என் மனைவி அருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்தார். கிருஷ்ணகிரி அக்காவோடு பேச விரும்புகிறார். மருத்துவமனைக்குப் போவதற்கு நாள் குறித்துவிட்டோம்.

போதகர் ஐயா கேட்ட கேள்விக்கு நான் உடனே பதில் எழுதவில்லை. ஜெபித்துப் பார்த்ததில், ஒருவரும் ஒன்றும் சொல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளைகளை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை என்பது தெளிவாகிறது. அதே நேரத்தில், பயமும் கூடவே இருந்ததை இப்போது பார்க்கிறேன். இரண்டும் ஒரே மனதில் இருக்க முடியும் போலும். சபைக்குக் கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். வீட்டைத் தேன்கனிக்கோட்டைக்கு மாற்றுவதற்கும், பெங்களூருவில் இருக்கிறவர்களைப் போய்ப் பார்ப்பதற்கும் அதில் அனுமதி கேட்கப்போகிறேன்.

சித்தேரித் தம்பிக்கு ஒரு விண்ணப்பம். எங்கள் பகுதி ஆட்கள் பெரும்பாலும் பெங்களூருவின் தெற்குப் பக்கம், சந்தாபுரம், பொம்மசந்திரம் பகுதிகளில்தான் வேலை செய்கிறார்கள். அந்தப் பக்கத்தில் உங்களுக்குத் தெரிந்த சபை ஏதாவது இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

பதில் 5: ஓய்வுபெற்ற போதகர், தருமபுரி

பயமும் விசுவாசமும் ஒரே மனதில் இருந்ததைத்தான், விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும் என்று, நோயுற்ற மகனை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பன் கண்ணீரோடு சொன்னான். அவனுடைய மகனை ஆண்டவர் குணமாக்காமல் அனுப்பவில்லை. கடிதத்தை எழுதி முடித்ததும், விரும்பினால் எனக்கும் ஒரு படி அனுப்புங்கள்; உங்கள் சபைக் குழுவினர் வரும்போது நானும் அஞ்செட்டிக்கு வந்து உங்களோடு தங்குகிறேன். தருமபுரியிலிருந்து பாலக்கோடு வழியாக வந்துவிடுவேன்; இருட்டுவதற்கு முன்னால் வந்துசேர எந்தப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.